பிரேக் பொய் சொல்லாது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களே, இதை முக்கியமாக உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும், தடையில்லை. ஆனால் என் அண்ணனுக்குச் ‘சினிமா டிரைவர்’ என்று பட்டம் கட்டியது நீங்கள்தான். அண்மையில் ஒரு கல்யாண விருந்தில்கூட உங்களில் ஒருவர், பல் செட்டை நாக்கால் சரிசெய்துகொண்டே, “எங்க லா நம்ம சினிமா டிரைவர்? இன்னும் கார சுத்திக்கிட்டுத்தான் இருக்கானா?” என்று கேட்டார். அண்ணன் சிரித்தான். எப்போதும் போலச் சிரித்தான். எனக்குத்தான் வாயில் வைத்த பிரியாணி இறங்கவில்லை.

நமக்கெல்லாம் முட்டி தேய்ந்துவிட்டது. குவார்ட்டர்ஸும் இல்லை, அது இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. இனிமேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

அந்த வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை ஞாபகம் இருக்கிறதா? நம் வரிசையில் வீடியோ இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். மத்தியானம் ஆனால் நீங்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். தரை குளுகுளுவென்றிருக்கும். தெருமுனை வீடியோ கடை அங்கிள் கொடுத்த ஒரே ஒரு கேசட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுவோம். ஹாங்காங் படம். காண்டனீஸ் பேச்சு. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மீன் வேன் ஓட்டுகிற ஒருவனை நாலு கார்கள் துரத்தும், அவ்வளவுதான். மலைச்சரிவில் ஒடுங்கின ரோடு, ஆரஞ்சுப் பெட்டிகள் சிதறும், துணி காயப்போட்ட மூங்கில் கழிகள் கண்ணாடியில் வந்து மோதும். கடைசியில் ரோடு தீர்ந்துபோகும். எதிரே துறைமுகம், கருப்புத் தண்ணீர். பிரேக் கம்பியை வில்லன்கள் முன்பே அறுத்துவிட்டிருப்பார்கள். அவன் பக்கத்தில் இருக்கும் பெண்ணைப் பார்த்து “ஜா ஸட்!” என்று கத்துவான். ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டி, ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி இழுப்பான். வேன் பம்பரமாகச் சுற்றி, பின்சக்கரம் தண்ணீருக்கு மேலே தொங்க, நிற்கும்.

நமக்கு யாருக்கும் காண்டனீஸ் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியும். அம்மா பிறந்து வளர்ந்தது சீனர்கள் நிறைந்த ஒரு கம்பத்துக் கிராமத்தில். வெங்காயம் உரித்துக்கொண்டே, திரையைக்கூடப் பார்க்காமல் மொழிபெயர்ப்பார். வில்லன் அரை நிமிஷம் வாயில் வந்தபடி திட்டுவான். அம்மா, “உனக்கு நல்ல புத்தி வரட்டும்னு சொல்றான்” என்பார். “ஜா ஸட்”டுக்கு மட்டும் ஒழுங்கான அர்த்தம் சொன்னார்: “கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

அண்ணனுக்கு அப்போது பதினேழு முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்திருந்தது. அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் ரீவைண்ட் பண்ணிப் பண்ணி டேப்பில் கோடு விழ வைத்தவன் அவன்தான். சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் குடையை இடது பக்கம் சொருகி அதை ஹேண்ட்பிரேக் என்பான். “முதல்ல திருப்பணும், அப்புறம்தான் இழுக்கணும். முன்னாடியே இழுத்தா நேராப் போய் முட்டும்” என்று எனக்குப் பாடம் எடுப்பான். குடையின் பிடி கழன்று வந்ததுதான் மிச்சம்.

அப்பாவுக்கு இது எதுவும் பிடிக்காது. அப்பா ரயில் ஓட்டுநர். உங்களில் பாதிப் பேரின் அப்பாக்களும் ரயில்வேதான் என்றாலும், நம் வரிசையில் எஞ்சின் ஓட்டியவர் அவர்தான், அந்தக் கெத்து அவர் நடையிலேயே தெரியும். அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டியவருக்குக் கார் ஓட்டத் தெரியாது! ஸ்டியரிங் என்ற ஒன்று எதற்கு என்பதே அவருக்குக் குழப்பம். ஆனால் பிரேக்கைப் பற்றி அவரிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது. “பிரேக் பொய் சொல்லாது. ஆள்தான் பொய் சொல்வான்” என்பார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள், மூடிய ரயில் கேட்டில் நிற்காமல் உள்ளே வந்த ஒரு காரை அப்பாவின் ரயில் அடித்துவிட்டது. காருக்குள் யார் இருந்தார்கள் என்று அவர் எங்களுக்குச் சொன்னதே இல்லை. மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அம்மா ஒருமுறை குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அண்ணனுக்கு அப்பா மாதிரி எஞ்சின் ஓட்ட வேண்டும் என்பதுதான் கனவு. மேல்நாட்டுக் கனவோ டாக்டர் கனவோ கிடையாது. பயிற்சி ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்ப பாரத்தை அப்பாவே வாங்கி வந்து, கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைத்திருந்தார். ஜனவரியில் கையோடு ஆபீசுக்கு அழைத்துப்போவதாகப் பேச்சு. அலமாரிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அண்ணன் அதைத் தொட்டுப் பார்ப்பான்.

அந்த டிசம்பரில்தான் அப்பா பழைய கார் ஒன்றை வாங்கினார். பெயர் அப்பாவுடையது, ஓட்டுவது அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் பூஜை போட்டோம். பானெட்டில் சந்தனம், குங்குமம், மாலை. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். அண்ணன் மெல்ல நகர்த்த, நாலும் ‘சப்’பென்று நசுங்கின. காரெல்லாம் எலுமிச்சை வாசனை. குருக்கள் அம்மன் காலடியில் வைத்து எடுத்த ஐந்தாவது பழத்தை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை என் கையில் வைத்தார்.

“பொம்பளப் புள்ள கையில இருக்கட்டும். வீட்டுக்குத் திரும்பி சாமி மேடையில வைக்கிற வரைக்கும் விடக்கூடாது. கால் படுற எடத்துல விழுந்துச்சுன்னா தோஷம். புரியுதா?”

“புரியுதுப்பா.”

எனக்கு வயது ஒன்பது. அந்தப் பழத்தை ராணியின் கிரீடம் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்சீட்டில், அண்ணனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். அம்மா என் பக்கத்தில். அப்பா முன்னால், இடப்பக்கம். கிள்ளானில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் புதுக் காரைக் காட்டப் புறப்பட்டோம்.

பெட்டாலிங் ஜெயா தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு கையை எடுத்துப் பாவாடையில் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு பஸ் நிற்க, அண்ணன் பிரேக் போட்டான். பழம் மடியிலிருந்து நழுவிக் கீழே போய்விட்டது.

சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலால் தேடினேன். விரல் நுனியில் பட்டது, உருண்டது. அடுத்த வளைவில் அம்மா பக்கம் போய், திரும்ப என் பக்கம் வந்தது.  குனிந்து எடுத்திருக்கலாம். குனிந்தால் அப்பா திரும்பிப் பார்ப்பார், சாமிப் பழத்தைக் காலடியில் போட்டவள் என்று முதல் நாளே பேர் வரும். அத்தை வீட்டில் எல்லாரும் இறங்கினதும் எடுத்துக்கொள்ளலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறுங்கையை மடியில் குவித்து, பழம் இருப்பது போலவே வைத்துக்கொண்டேன்.

அண்ணன் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அது முன்னால் உருண்டது. கடைசியாக என் விரல் தேடியபோது ஒன்றும் தட்டுப்படவில்லை. அண்ணன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

கிள்ளான் நெருங்கும்போது பழைய ரோட்டில் இறங்கினோம். லேசான இறக்கம், இரண்டு பக்கமும் ஆளை முழுங்கும் ஆழத்தில் மழைநீர் ஓடும் கால்வாய். இறக்கத்தின் அடியில் ரயில் கேட். மணி அடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு. தடுப்புக் கட்டை இறங்கிவிட்டது. எங்களுக்கு முன்னால் வண்டி ஒன்றும் இல்லை.

“மெதுவா, மெதுவா. ரயில் வருது” என்றார் அப்பா.

 அண்ணனின் தோள் இரண்டும் மேலே ஏறுவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

“டேய், பிரேக்க அழுத்து!”

“அழுத்துறேன்பா! போமாட்டேங்குது!”

“என்னாடா போமாட்டேங்குது? அழுத்துடா!”

“கீழ போமாட்டேங்குதுப்பா!”

வலப்பக்கத்திலிருந்து ரயில் வந்துவிட்டது. ஊதல் விடாமல் ஊதியது. அம்மா என் தலையைத் தன் மடியில் அழுத்தினார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன், அப்பாவின் இரண்டு பாதங்களும் பிரேக்கே இல்லாத அந்தப் பக்கத்துத் தரையை மிதித்துக்கொண்டிருந்தன.

“ஜா ஸட்!” என்று கத்தினான் அண்ணன்.

கார் சுழன்றது. வானம், கால்வாய், மரம், மறுபடி வானம். ரப்பர் எரியும் நாற்றம். எங்கோ கண்ணாடி உடைந்தது. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. தடுப்புக் கட்டைக்குப் பக்கவாட்டில், பின்விளக்கு கேட்டின் தூணில் உரச, கார் நின்றுகொண்டிருந்தது. ரயில் பெட்டி பெட்டியாக எங்களைக் கடந்து போனது. எஞ்சினிலிருந்து ஒருவர் வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். அவர் அப்பாவோடு வேலை செய்பவர், நம் குவார்ட்டர்ஸ்காரர்.

அப்பா இறங்கினார். சுற்றிப் போய் அண்ணனை இழுத்து வெளியே விட்டு, அறைந்தார். அம்மா ஓடினார். காரில் நான் மட்டும். முன்சீட்டுகளுக்கு இடையில் எட்டிப் பார்த்தேன்.

பழம் பிரேக் மிதிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. குங்குமம் பூசின பக்கம் மேலே. ஒரு பக்கம் வெடித்து, மிதியின் கோடுகள் தோலில் அச்சாகப் பதிந்திருந்தன. நான் அதை எடுத்துப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அண்ணனைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தோஷம் பட்டுவிட்டது, அப்பா தோலை உரித்துவிடுவார், அவ்வளவுதான் தெரிந்தது. கேட்டுக்கு மாமா வந்து அத்தை வீட்டுக்குக் காரை ஓட்டிப்போனார். அங்கே கொல்லையில் வாழை மரத்தடியில் பழத்தைக் கையாலேயே தோண்டிப் புதைத்தேன். காரில் அடித்த எலுமிச்சை வாசனையை யாரும் சட்டை செய்யவில்லை. காலையில் நாலு பழம் நசுக்கிய கார்தானே.

அத்தை வீட்டுப் பக்கத்துச் சீன மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவர் காரை முன்னும் பின்னும் ஓட்டி, அடியில் படுத்துப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பிரேக் ஓக்கே லா, boss. ரொம்ப bagus, நல்லா இருக்கு.” சீட்டில் உட்கார்ந்து அவர் அழுத்திக் காட்ட, மிதி எந்தத் தடையும் இல்லாமல் கீழே இறங்கியது. அதைப் பார்த்த அண்ணனின் முகத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். அவன் அந்த மிதியையே பார்த்தான். பிறகு தன் வலது காலைப் பார்த்தான்.

மறுநாள் வீட்டில் விசாரணை. ரயில்வேயில் ஏதாவது நடந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள் இல்லையா, அப்படியே. அப்பா சாப்பாட்டு மேசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். எத்தனை வேகம், எத்தனை அடி தூரம், எல்லாம் எழுதினார். அம்மா, “நான் கண்ண மூடிக்கிட்டேங்க” என்று சொல்லித் தப்பித்தார். அடுத்தது நான்.

“அண்ணன் கடைசியா என்னா சொன்னான்?”

“ஜா ஸட்னு கத்துச்சுப்பா.”

“அது எங்க வர்ற பேச்சு?”

“படத்துல.”

“அந்தப் படத்துல வண்டி எப்படி நிக்கும்?”

“இதே மாதிரிதான்பா. சுத்தி நிக்கும்.”

அப்பா எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கெட்டிக்காரச் சாட்சி என்று எனக்கு ஒரு பரிசே கொடுத்திருக்கலாம்!

அண்ணனை அவர் அதிகம் கேட்கவில்லை. “மெக்கானிக் பாத்துட்டான். பிரேக் பொய் சொல்லாது. நீ வெளையாட்டு காட்டுனியா, இல்ல பயத்துல பிரேக்குன்னு நெனச்சு எண்ணெய் மிதிய அழுத்திட்டு இப்ப மறைக்கிறியா? ஒத்துக்க, விட்டுடறேன்.”

“பிரேக்கத்தான்பா மிதிச்சேன்.”

“திரும்பவும் பொய்.”

“சத்தியமா பிரேக்கத்தான்பா.”

அப்பா எழுந்து அலமாரியைத் திறந்தார். விண்ணப்ப பாரத்தை நாலாக மடித்தார், கிழித்தார். “பிரேக்கப் பத்தி பொய் சொல்றவன் கையில நான் ரயிலக் குடுக்க மாட்டேன். நூறு உசுருடா அது” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அன்று அதைக் கோபம் என்று நினைத்தேன். கேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு காரைப் பார்த்தவருக்கு, இந்தப் பக்கம் தன் பிள்ளைகளோடு உட்கார நேர்ந்த பயம் அது என்று என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் புரிந்தது.

அப்போது நான் கதவோரம் நின்றிருந்தேன். சொல்ல வாயெடுத்தேன் என்று எழுத ஆசை. எடுக்கவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “பழத்த சாமி மேடையில வச்சிட்டியா?” என்று கேட்டார்.

“வச்சிட்டேன்பா.”

அடுக்களைக்கு ஓடி, கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, குங்குமத்தை அப்பி, மேடையில் வைத்தேன். மாலையில் அப்பா அதற்கு முன் நின்று கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். “இந்தப் பழம்தான் நம்மளக் காப்பாத்துச்சு” என்றார். அது காய்ந்து, சுருங்கி, கருப்புக் கோலி மாதிரி ஆகும்வரை பல மாதம் அங்கேயே இருந்தது. தினமும் அதற்கு முன்னால் நின்று நானும்தான் சாமி கும்பிட்டேன். நாக்கூசாமல் என்பார்களே, அதற்கு நான்தான் உதாரணம்.

கேசட்டை அப்பா கடையில் எறிந்துவிட்டு, “இந்தப் படத்த இனிமே எங்க வீட்டுக்குக் குடுக்காதே” என்றார். வீடியோ கடை அங்கிளுக்கு என்ன ஏது என்று புரியவில்லை, பாவம். எஞ்சின்காரர் சொல்லி விஷயம் நம் வரிசை முழுக்கப் பரவ, நீங்கள் பட்டம் கட்டினீர்கள்.

அண்ணன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, பெட்டி அடுக்கி, பெட்டி அடுக்கியே ஓய்வு பெற்றான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் கார் ஓட்டவே இல்லை. மகளுடைய காரில்கூட முன்சீட்டில் உட்கார மாட்டான். எங்கே போனாலும் எல்ஆர்டிதான். அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, தெரியுமல்லவா? முதல் பெட்டியில் முன்கண்ணாடி வரைக்கும் போய் நிற்கலாம். அண்ணன் எப்போதும் அங்கேதான் நிற்பான். ஒருமுறை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஸ்டேஷன் வரும்போது அவன் வலது கால் தரையை மெல்ல அழுத்தியது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் அண்ணன் அவர் காதருகே குனிந்தான். “அப்பா, அன்னைக்கு நான் பொய்தான் சொன்னேன். வெளையாட்டாதான் பண்ணேன். மன்னிச்சிருங்க” என்றான். அப்பா கையை அவன் தலையில் வைத்தார். “ஒத்துக்கிட்டல்ல, போதும்” என்றார். கட்டிலின் மறுபக்கம் நான் நின்றிருந்தேன். கையில் ஹார்லிக்ஸ் டம்ளர். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

கல்யாண விருந்து முடிந்த வாரம், என் மகன் அந்தப் படத்தை இணையத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தான். நான் அதை எடுத்துக்கொண்டு அண்ணன் ஃப்ளாட்டுக்குப் போனேன். மத்தியானம். இரண்டு பேர் மட்டும். ஆரஞ்சுப் பெட்டி சிதறியது. துறைமுகம் வந்தது. அண்ணனின் வலது கால் தரையை அழுத்தத் தொடங்கியது. விரல்கள் வெளுக்கும் அளவுக்கு அழுத்தியது.

நான் படத்தை நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மடியிலிருந்து நழுவியது முதல் வாழை மரத்தடி வரைக்கும்.

அவன் தன் வலது காலைப் பார்த்தான். பிறகு, “மிதிக்குக் கீழயேவா இருந்துச்சு?” என்று கேட்டான்.

“ஆமாண்ணே. கோடு பதிஞ்சிருந்துச்சு.”

“நான் பிரேக்குன்னு எண்ணெயத்தான் மிதிச்சிட்டேன்னு நெனச்சேன். மெக்கானிக் அழுத்திக் காட்டுனான்ல, அப்பவே சந்தேகம் வந்துருச்சு, அப்புறம் நம்பியே போயிட்டேன். இத்தன வருஷமும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

நான் அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “ஆஸ்பத்திரில நீயும்தானே நின்ன” என்றான்.  

அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். போய்விடு என்று சொல்வான் என்று கைப்பையை எடுத்துக்கொண்டேன். அவன் ரிமோட்டை எடுத்தான். அந்தக் காட்சியைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட விட்டான். மீன் வேன் துறைமுகத்தை நோக்கி விரைந்தது. “ஜா ஸட்!” என்று திரையில் கத்தினான் வேன்காரன். ஸ்டியரிங் வெட்டியது, ஹேண்ட்பிரேக் எழும்பியது, வேன் சுற்றி நின்றது. அண்ணனின் கால் தரையில் சும்மா கிடந்தது.

“அன்னைக்கு நான் நல்லாத்தான் திருப்பியிருக்கேன், இல்ல?” என்று கேட்டான்.

“ஆமாண்ணே” என்றேன். “நீ திருப்புனதாலதான் நாங்க உசுரோட இருக்கோம்.”